காய்ந்த செடிகளைப் படமெடுக்க எக்ஸ்டென்ஷன் டியூப்: 12, 20, 36 மி.மீ. செட் எப்படி?

சிறு பொருளை அருகிலிருந்து பெரிதாக எடுப்பதற்காக, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் மூன்று வெற்று வளையங்கள். உள்ளே கண்ணாடி கிடையாது, காற்றுதான். 12, 20, 36 மி.மீ. என்று மூன்று நீளம். தனித்தனியாக மாட்டலாம், மூன்றையும் கோத்து 68 மி.மீ. ஆகவும் மாட்டலாம். கேமராவையும் லென்ஸையும் இணைக்கும் மின்தொடர்பு ஊசிகள் உள்ள செட், பெரிய பிராண்டு பெயர் இல்லாதது, ஏறக்குறைய ரூ.1,500 முதல் 3,000 வரை விலைபோகிறது. ஊசி இல்லாத வெறும் வளையம் ரூ.500 சுற்றிக் கிடைக்கும். சிறு பொருளை எடுக்கவே செய்த அசல் மேக்ரோ லென்ஸுக்கு இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் எடுத்துவைக்க வேண்டும்.

இந்த மதிப்பீடு ஒரே ஒரு வேலையை மனதில் வைத்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் தை கழிந்ததும் வரப்பிலும் வேலியோரத்திலும் காய்ந்து நிற்கிற காய், கதிர், சருகு, விதை இவற்றைப் படமெடுக்க இந்த வளையங்கள் போதுமா என்பதுதான் கேள்வி. போதும், நன்றாகவே போதும். ஆனால் மூன்றையும் ஒரே நேரத்தில் மாட்டிவிட்டு, வ்யூஃபைண்டரில் மங்கலைத் தவிர ஒன்றும் தெரியாமல், பொருளே மோசம் என்று பெட்டிக்குள் போட்டுவிடுவது எளிது. எந்த வளையத்துக்கு எந்தச் செடி என்ற கணக்கில்தான் இதன் பலன் இருக்கிறது.

பூச்சி, பட்டாம்பூச்சி எடுக்க நினைப்பவருக்கு இது சரிப்படாது. லென்ஸைப் பொருளுக்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டும், வெளிச்சம் குறையும், ஃபோகஸுக்கு நேரம் பிடிக்கும். காய்ந்த செடிக்கு இந்த மூன்றும் குறையே இல்லை. அது பறக்காது, வாடாது, மேசைமேல் மூன்று நாள் வைத்தாலும் அப்படியே இருக்கும். பச்சையாக இருக்கும்போது நிறமும் சதையும் மறைத்துக்கொண்டிருந்த கட்டுமானம், காய்ந்த பிறகுதான் வெளியே தெரியவரும். சொடக்குத்தக்காளியின் பச்சை உறை வெறும் பை மாதிரிதான். அதே உறை மழையிலும் வெயிலிலும் கிடந்து சவ்வு உதிர்ந்தால், நரம்பு மட்டும் மிஞ்சி, உள்ளே ஒரு பழம் தொங்கும் வலைக்கூண்டு ஆகிவிடுகிறது. போகியன்று காப்புக் கட்டிய பூளைப்பூ, எறவாணத்தில் மாசி வரை தொங்கிக் காய்ந்தாலும் வெண்மை போவதில்லை. அந்தப் பஞ்சுக்கதிரைப் பத்து செ.மீ. தூரத்தில் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இனி கணக்கு. இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், ஏபிஎஸ்-சி சென்சார் (படம் பதியும் சில்லு, நடுத்தர அளவு) கேமரா இரண்டையும் வைத்து. வளையத்தின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம், அதாவது சென்சாரில் விழும் உருவம் பொருளைப்போல எத்தனை மடங்கு என்பது, வந்துவிடும். லென்ஸை முடிவிலியில் வைத்து 12 மாட்டினால் 0.24 மடங்கு, 20 மாட்டினால் 0.4, 36 மாட்டினால் 0.72, மூன்றும் சேர்ந்தால் 1.36. படத்தின் நீளவாட்டில் எவ்வளவு அடங்கும் என்று பார்ப்பது இன்னும் பயன்படும்: முறையே சுமார் 10 செ.மீ., 6 செ.மீ., 3.3 செ.மீ., 1.7 செ.மீ. இதை ஒரு சீட்டில் எழுதி கேமரா பையில் ஒட்டிவைத்தால் பாதி வேலை முடிந்தது. கேழ்வரகுக் கதிரின் விரல்கள் முழுதாக வேண்டுமென்றால் 12. எருக்கங்காய் வெடித்து, ஒரு விதை தன் பட்டுக்குடையோடு நிற்பதை எடுக்க 20. துத்திக்காய், நெருஞ்சி முள், பூளைப்பூக் கதிரின் ஒரு துண்டு என்றால் 36. மூன்றும் சேர்ந்த 68-ஐ எள்ளின் வெடித்த காய்நுனி, சருகின் நரம்புப் பின்னல் மாதிரியானவற்றுக்கு எப்போதாவது மாட்டலாம்.

கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸுக்காக வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 18-55 லென்ஸை 18-இல் வைத்து 36 வளையம் மாட்டினால் ஃபோகஸ் விழும் இடம் லென்ஸுக்கு உள்ளேயே போய்விடும்; எதைக் காட்டினாலும் தெளியாது. 55-க்குத் திருப்பிவிட்டுப் பாருங்கள், வேலை செய்யும்.

மூன்றில் எது உத்தமம் என்றால், சந்தேகமில்லாமல் 20. காரணம் ஃபோகஸ் வளையத்தில் இருக்கிறது. 20 மாட்டியிருக்கும்போது லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பினால், தெளிவாக விழும் தளம் ஏறத்தாழ 3 செ.மீ. முன்னும் பின்னும் நகர்கிறது. முக்காலியை அசைக்காமலேயே காயின் முன்முனையிலிருந்து நடு வரைக்கும் ஃபோகஸைக் கொண்டுபோகலாம். 36 மாட்டினால் அதே முழுச் சுற்றுக்கு 4, 5 மி.மீ. மட்டுமே நகரும். ஒன்றுக்கு ஒன்று என்ற அளவை நெருங்க நெருங்க ஃபோகஸ் வளையம் உருவத்தின் அளவைத்தான் மாற்றும், ஃபோகஸை மாற்றாது. 68-இல் அது தலைகீழாகவே போகும்: கிட்டத்தில் வைக்கத் திருப்பினால் தளம் தள்ளிப்போகும். இது வளையத்தின் கோளாறு இல்லை. ஒளியியல் கணக்கே அப்படி. 36-க்குப் போனாலே கேமராவையே நகர்த்த வேண்டும், அதற்குக் கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தும் ஃபோகஸ் ரெயில் தனியாக வாங்க வேண்டும் என்பதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரெயில் வாங்க மனமில்லையென்றால் 20-லேயே எடுத்து ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். 24 மெகாபிக்சல் படம் அகலத்தில் 6,000 புள்ளி. இரண்டு செ.மீ. துத்திக்காய் அதில் சுமார் 2,000 புள்ளிகளைப் பிடிக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் காய் மட்டும் ஆறரை அங்குலம் வரும். வீட்டுச் சுவரில் மாட்ட அது தாராளம்.

வெளிச்சம் குறைவதைப் பற்றி. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது. 12-க்கு அரை ஸ்டாப்புக்குச் சற்று மேல், 20-க்கு ஒரு ஸ்டாப், 36-க்கு ஒன்றரை, 68-க்கு இரண்டரை. கேமராவின் அளவுமானி இதைத் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும். நீங்கள் தனியாகக் கூட்டவோ கழிக்கவோ வேண்டியதில்லை. ஆனால் எஃப் எண்ணில் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சுருங்கும்) ஒரு பொறி இருக்கிறது. 36 மாட்டி, கேமராவில் எஃப் 8 என்று வைத்தால் உண்மையில் அது எஃப் 14 போல நடந்துகொள்ளும். முன்னும் பின்னும் தெளிவாக விழும் ஆழம் வேண்டும் என்று எஃப் 16-க்குப் போனால் எஃப் 27-க்கு ஈடாகி, ஒளி வளைவால் படம் முழுக்க மழுங்கிவிடும். காயின் மேலிருக்கும் மயிர்கள் ஒட்டிப்போன மாதிரி தெரிந்தால் காரணம் இதுதான். எஃப் 8-ஐத் தாண்ட வேண்டாம்.

அப்படியானால் ஆழம்? எஃப் 8-இல் 20 வளையத்துக்குத் தெளிவின் தடிமன் 2.8 மி.மீ., 36-க்கு ஏறத்தாழ 1 மி.மீ., 68-க்கு 0.4 மி.மீ. ஒரு காய் முழுதும் தெளிவாக வேண்டுமென்றால் பல படம் எடுத்து அடுக்கியே ஆக வேண்டும். இதைத்தான் ஸ்டாக்கிங் என்கிறார்கள்.

துத்தியை எடுத்துக்கொண்டு முழு வேலையையும் சொன்னால் விளங்கும். துத்திக்காய் ஒரு சக்கரம். பதினைந்து இருபது மடல்கள் நடு அச்சைச் சுற்றி நெருக்கிச் செருகியது போல நிற்கும். பச்சையில் இது ஒரு கொத்தாகத்தான் தெரியும். காய்ந்து கறுத்ததும் மடல்கள் ஒவ்வொன்றும் விலகி, மேல்விளிம்பு பிளந்து, ஒவ்வொரு பிளவிலும் சிறுநீரக வடிவ விதை எட்டிப் பார்க்கும். மடல்களின் நுனியில் ஒரு கூர் அலகு. முதுகெல்லாம் சாம்பல் மயிர். நேர் மேலேயிருந்து பார்த்தால் தேர்ச்சக்கரம், பக்கவாட்டில் பார்த்தால் ஓலைச்சுவடிக் கட்டை வளைத்து வட்டமாக்கியது போல இருக்கும். மேலேயிருந்து எடுப்பது எளிது, ஏனென்றால் உயரம் குறைவு. பக்கவாட்டில் எடுப்பதுதான் அழகு.

காம்பை இரண்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள். காம்பை ஒரு சிறு களிமண் உருண்டையில் செருகி மேசையில் நிறுத்துங்கள். ஊதும் பல்பால் தூசியை ஊதி, எஞ்சியதை 0 எண் வாட்டர்கலர் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் தொடக்கூடாது, காய்ந்த மடல் ஈரம் பட்டால் இளகிவிடும். வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் அதன் பக்கத்தில், காய்க்கு இடதுபுறம் ஜன்னல் வருமாறு வையுங்கள். நேர் வெயில் வேண்டாம். எதிர்ப்பக்கம் ஒரு கை தூரத்தில் வெள்ளைத் தாள். அதை அருகே தள்ளினால் நிழல் இளகும், விலக்கினால் மடல்களின் இடுக்கு இருளும். காயின் சாம்பல் மயிர் தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் சற்றே பின்னாலிருந்து, தோராயமாக மணி முள் பத்தைக் காட்டும் திசையிலிருந்து வர வேண்டும். காயை ஒரு சாண் நகர்த்தினால் மயிர் வரிசை முழுக்க வெள்ளிக்கோடாக எழும்.

கேமராவை மேனுவலில் வைத்து எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100. ஜன்னல் வெளிச்சத்தில் ஷட்டர் கால் நொடியிலிருந்து ஒரு நொடி வரை வரும். ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாதீர்கள். காய்ந்த பழுப்பைச் சாம்பலாக்கிவிடும், அதுவும் படத்துக்குப் படம் மாறும். 5,200 கெல்வின் அல்லது பகல்வெளிச்சக் குறியில் நிறுத்துங்கள். இரண்டு நொடி டைமர், கண்ணாடி உள்ள கேமராவென்றால் மிரர் லாக்கப் (கண்ணாடியை முன்பே தூக்கி நிறுத்துவது). மின்விசிறியை நிறுத்துங்கள். தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டிய மாடிவீடு என்றால் லாரி போகும்போது எடுக்க வேண்டாம். தளத்தின் அதிர்வு ஒரு நொடிப் படத்தில் அப்படியே பதியும்.

36 வளையத்தில், ரெயிலை 0.7 மி.மீ. வீதம் நகர்த்தி, முன் மடல் நுனியிலிருந்து காயின் நடு வரை எடுத்தால் 12 முதல் 15 படம் ஆகும். காயின் பின்பாதி மறைந்திருப்பதால் அதற்குமேல் தேவையில்லை. அடுக்குவதற்கு ஹெலிகான் ஃபோகஸ், ஸிரீன் ஸ்டாக்கர் இரண்டும் கட்டண மென்பொருள்கள். இலவசமாக வேண்டுமென்றால் ஹியூகின் என்ற மென்பொருளோடு வரும் கருவிகள் போதும், கட்டளை தட்டச்சப் பழக வேண்டும். அடுக்கிய படத்தில் மடலின் குறுக்கே மங்கிய பட்டை தெரிந்தால் இடையில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தை மட்டும் எடுத்துச் சேர்க்க நினைப்பது வீண் வேலை. முதலிலிருந்து எடுப்பதே சீக்கிரம் முடியும்.

அடுக்குவதற்கு ஆகாத செடிகளும் உண்டு. ஊசிப்புல்லின் வால் ஈரப்பதம் கூடினால் முறுக்கு அவிழும், குறைந்தால் முறுக்கிக்கொள்ளும். கிட்டே நின்று விடும் மூச்சே போதும், படங்களுக்கு நடுவே வால் அசைந்துவிடும். அதை 12 வளையத்தில் ஒரே படமாக எடுத்துவிடுங்கள். எருக்கம் பட்டும் மூச்சுக்கு நகரும்; மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டால் சமாளிக்கலாம்.

பின்னணிக்குக் கடைப் பொருள் தேவையில்லை. இந்தப் பக்கம் கிடைப்பதில் சிறந்தது கருப்பு கிரானைட் துண்டு. கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரத்துப் பட்டறைகளில் அறுத்து மிஞ்சிய ஓரத்துண்டு ஒரு சதுர அடி இருந்தால் போதும். பாலிஷ் போட்ட முகம் வேண்டாம்: காயின் நிழலுருவம் தலைகீழாக விழும், ஜன்னல் சட்டமும் தெரியும். நெருப்பில் பொரித்த சொரசொரப்பு முகமும் ஆகாது. இந்த உருப்பெருக்கத்தில் கல்லின் படிகங்கள் மின்னி, சென்சாரில் தூசி படிந்தது போலக் காட்டும். பாலிஷுக்கு முந்தைய மழமழப்பான சாம்பல் கலந்த முகத்தைக் கேட்டு வாங்குங்கள். பழுப்புக் காய் அதன்மேல் எழுந்து நிற்கும். வெள்ளைத் தாள் பாடப்புத்தகப் படம் போல ஆக்கிவிடும், தவிர வளையத்தின் ஒரு குறையையும் பெரிதாக்கும். அதைக் கீழே சொல்கிறோம். கேழ்வரகுக் கதிருக்கு மட்டும் சாணம் மெழுகிய பழைய முறத்தை மிஞ்சிய பின்னணி இல்லை. 12 வளையத்தில் மூங்கில் பின்னல் லேசாக மங்கி, கதிரின் விரல்கள் அதன் குறுக்கே விழும்.

எளிய பின்னணியும் பொறுமையும் இந்த வேலைக்குப் புதிதல்ல. ஜெர்மனியில் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் (1865–1932) கைவினை மாணவர்களுக்கு வடிவம் கற்பிப்பதற்காக, தானே செய்த கேமராவில் செடிகளின் பாகங்களை 30 மடங்கு வரை பெரிதாக்கி எடுத்தார். பின்னால் வெறும் அட்டைதான். லென்ஸை ஃபிலிமிலிருந்து தள்ளிவைத்தால் உருவம் பெரிதாகும் என்ற கணக்குதான் அங்கும். இந்த வளையங்கள் செய்வதும் அதே காரியம்தான்.

இப்போது பொருளின் குறைகள். முதலாவது ஆட்டம். வளையங்களைக் கோத்து, லென்ஸைப் பிடித்து இட வலமாகத் திருப்பிப் பார்த்தால் விலை குறைந்த செட்களில் லேசான தளர்ச்சி தெரியும். ஒரு வளையத்தில் அது பொருட்டில்லை. மூன்றும் சேரும்போது நான்கு இணைப்புகள் ஆகின்றன, நான்கின் ஆட்டமும் கூடி, ஃபோகஸ் வைத்துக் கையை எடுத்ததும் லென்ஸ் மூக்கு ஒரு மி.மீ. தாழும். 0.4 மி.மீ. ஆழத்தில் இது பெரிய தொல்லை. 50 மி.மீ. போன்ற எடை குறைந்த லென்ஸுக்கு மேல் எதையும் 68-இல் தொங்கவிடாதீர்கள். மவுண்ட் (லென்ஸும் கேமராவும் பூட்டும் வாய்) உலோகமா பிளாஸ்டிக்கா என்று வாங்கும்முன் பாருங்கள். முகம் மட்டும் உலோகமாக இருந்தால்கூடப் போதும். அதைப் பிடித்திருக்கும் சிறு திருகுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரியான அளவு ஸ்க்ரூடிரைவரால் தொட்டுப் பாருங்கள், தளர்ந்திருக்கும்.

இரண்டாவது, உள்சுவரின் பளபளப்பு. கருப்பு பூசியிருந்தாலும் வெளிச்சத்தில் காட்டினால் மின்னும். வெள்ளைப் பின்னணியில் எடுக்கும்போது அந்த மினுக்கு சென்சாரின் மேல் சிதறி, படத்தின் நடுவே வெளிறிய வட்டம் விழும். கருப்பு வெல்வெட் காகிதத்தை வளையத்தின் உள்சுற்றளவுக்கு வெட்டி ஒட்டினால் தீரும். மின் ஊசிகளையும் துளையை இயக்கும் லீவரையும் மறைக்காமல் ஒட்ட வேண்டும். அரை மணி நேர வேலை. படத்தின் கருமை கண்ணுக்குத் தெரியும்படி கூடும்.

மூன்றாவது, விடுவிப்புக் குமிழ்கள். ஒவ்வொரு வளையத்திலும் ஒன்று இருப்பதால் தவறான குமிழை அழுத்தி லென்ஸோடு ஒரு வளையம் கையில் வருவதற்குப் பதில் தரையில் விழ வாய்ப்புண்டு. மாற்றும்போது மடியில் துண்டு விரித்துக்கொள்ளுங்கள்.

ஊசி இல்லாத ரூ.500 வளையம் வாங்கலாமா என்றால் அது உங்கள் லென்ஸைப் பொறுத்தது. துளையின் அளவைக் கையால் மாற்றும் வளையம் உள்ள பழைய லென்ஸ் இருந்தால் தாராளமாக வாங்கலாம். கேனன் ஈஎஃப் லென்ஸில் துளை திறந்தபடியே நிற்கும். கேமராவில் நேராக மாட்டி, எஃப் 8 வைத்து, ஆழம் பார்க்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே லென்ஸைக் கழற்றினால் துளை அந்த அளவிலேயே நிற்கும் என்றொரு வழி உண்டு. நிக்கான் ஜி வகை லென்ஸில் நேர்மாறாகத் துளை முழுக்கச் சுருங்கி, வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். ஃபோகஸ் மோட்டாருக்கு மின்சாரம் வேண்டிய மிரர்லெஸ் லென்ஸ்களில் ஃபோகஸ் வளையமே வேலை செய்யாது. ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து ஊசி உள்ளதை வாங்குவதே மேல். ஆர்டர் போடும்போது மவுண்ட் பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். கேனனில் ஈஎஃப் மட்டும் ஏற்கும் வளையம் உண்டு, ஈஎஃப்-எஸ் லென்ஸ் அதில் உட்காராது, ஆர்எஃப் வேறு.

தூசி விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். வளையத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் கேமராவின் வாய் திறந்துகிடக்கும். பக்கத்தில் எருக்கம்பஞ்சு பறந்துகொண்டிருந்தால் நேரே உள்ளே போகும். செடி இருக்கும் அறையில் வளையம் மாற்றாதீர்கள். பஞ்சு விதைகளை மூடி போட்ட டப்பாவில் வைத்துக் கடைசியாக எடுங்கள்.

செடி சேகரிப்பதில் தொடக்கூடாதவை சில. பூனைக்காலிக் காயின் பொன்னிற மயிர் படத்துக்கு மிக அழகு, ஆனால் தோலில் பட்டால் அரிப்பு தாங்காது. கையுறையோடு, காற்றில்லாத இடத்தில் மட்டும். பாதி காய்ந்த எருக்கங்காயில் பால் இருக்கும், கண்ணில் படவே கூடாது. ஊமத்தையும் குன்றிமணியும் விஷம், குழந்தைகள் உள்ள வீட்டு மேசையில் வேண்டாம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் பக்கத்துக் காடுகளில் வன உயிரின சரணாலயங்கள் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு காயையும் அனுமதியில்லாமல் எடுத்துவரக் கூடாது. எடுக்கத் தேவையும் இல்லை. பாலக்கோடு, பென்னாகரம் சாலையோரத் தரிசிலேயே துத்தியும் நெருஞ்சியும் எருக்கும் வேண்டிய மட்டும் நிற்கின்றன. பட்டாவென்றால் நிலக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மாசி, பங்குனிதான் காலம். கோடை மழை இரண்டு விழுந்ததும் காய்களில் கரும்பூஞ்சைப் புள்ளி ஏறிவிடும். சொடக்குத்தக்காளிக்கு மட்டும் அந்த மழைதான் தேவை.

மாற்று வழிகள்: போனில் கிள்ளி மாட்டும் மேக்ரோ கண்ணாடி மலிவு, ஆனால் ஓரம் மங்கும், போனின் நிழலே காயின்மேல் விழும். லென்ஸின் முன்னால் திருகும் க்ளோஸ்-அப் ஃபில்டர் வெளிச்சத்தைத் தின்னாது. விலை குறைந்ததில் மயிர்விளிம்புகளில் ஊதா நிறம் படியும். லென்ஸை முன்பின்னாகத் திருப்பி மாட்டும் ரிவர்ஸ் ரிங் 36 வளையத்தை விடக் கூடுதலாகப் பெரிதாக்கும், லென்ஸின் பின்கண்ணாடி வெளியே நிற்பதால் நெருஞ்சி முள்ளுக்கு எதிரே அதைக் கொண்டுபோக மனம் வராது. அசல் மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவருக்கு இந்த செட்டால் பெரிய பயனில்லை.

தர்மபுரி, கிருஷ்ணகிரியில் கல்யாண ஸ்டுடியோக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் சொல்லிவைத்து வரவழைக்கலாம். நேரில் வாங்கினால் உங்கள் கேமராவையும் லென்ஸையும் கொண்டுபோய், மூன்று வளையத்தையும் தனித்தனியாக மாட்டி, எஃப் எண் திரையில் வருகிறதா, துளை சுருங்குகிறதா என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள். எஃப் 00 என்று காட்டினால் ஊசி தொடவில்லை என்று பொருள். அந்த வளையத்தை அங்கேயே மாற்றிக் கேளுங்கள்.